பாதத்தில் ஒட்டிய தேதி: ஈயச் சிப்பாய்களைப் பட்டியலிடுதல் குறித்து

ஒரு பழைய ஈயச் சிப்பாயைக் கையில் எடுத்ததும் ஆராய்ச்சியாளன் செய்கிற முதல் காரியம் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான். முகம், மீசை, சிவப்புக் கோட்டு எல்லாம் அப்புறம். முதலில் பாதம். அங்கே, நின்றுகொண்டிருக்கும் பீடத்தின் அடியில், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கலாம். அல்லது வார்ப்பிலேயே எழுத்துகள் புடைத்திருக்கலாம். குதிரைவீரனாக இருந்தால் குதிரையின் வயிற்றைப் பார்க்க வேண்டும். தயாரித்தவர் பெயரும் ஒரு தேதியும் அங்கே கிடைக்கும். கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கிறவன் அந்த இடத்திலேயே மோசம் போகிறான். ஏனென்றால் அந்தத் தேதி அந்தப் பொம்மை பிறந்த தேதி அல்ல. அந்த உருவத்துக்கு உரிமை கோரப்பட்ட தேதி. அதே தேதியைப் பாதத்தில் சுமந்துகொண்டு பத்து இருபது வருஷம் கழித்தும் சிப்பாய்கள் வார்ப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

லண்டனைச் சேர்ந்த பிரிட்டன்ஸ் கம்பெனியைப் பற்றித்தான் சொல்கிறேன். கையால் வண்ணம் தீட்டிய இராணுவப் பொம்மைகளைப் பட்டியலிடும் வேலை என்றால் உலகம் முழுக்க அந்தப் பெயரைச் சுற்றித்தான் வந்தாக வேண்டியிருக்கிறது. சட்டம், சந்தை, திருட்டு மூன்றும் சேர்ந்து எழுதிய வாசகம் அந்தக் காகிதத் துண்டு. 1900 வாக்கில் மற்றச் சிறு உற்பத்தியாளர்கள் பிரிட்டன்ஸ் பொம்மை ஒன்றைக் கடையில் வாங்கி, அதை வைத்தே அச்செடுத்து, மலிவாக வார்த்து விற்கத் தொடங்கினார்கள். கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. பொம்மையைச் சிற்பமாகக் கருதி அதற்கு உரிமை கேட்டது. அந்த வழக்குகளின் தழும்புதான் பாதத்தில் ஒட்டிய தேதி. ஆக, இங்கே 'ஆசிரியன்' பிறப்பது கலையின் கருவறையிலிருந்து அல்ல, வக்கீலின் குமாஸ்தா மேஜையிலிருந்து. ஆசிரியன் என்ற பெயருக்குச் சட்டத்தோடும் தண்டனையோடும் உள்ள உறவைப் பற்றி ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது. 54 மில்லிமீட்டர்தான் உயரம்.

தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், அது இல்லாமல் பட்டியல் புரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கிலாந்துக் கடைகளில் விற்ற உலோகச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. நூரம்பெர்கில் செய்த தட்டைப் பொம்மைகள் ஒருவகை. கற்பலகையில் செதுக்கிய அச்சில் வார்த்தவை, காகிதம் போல மெல்லியவை. அந்த ஊர் ஹைன்ரிக்ஸென் பட்டறைதான் 1848இல் 30 மில்லிமீட்டர் உயரத்தை ஒரு பொது அளவாக நிலைநிறுத்தியது. டிரெஸ்டன் நகரத்து ஹைடே செய்த முழு உருண்டைப் பொம்மைகள் இன்னொரு வகை. கனமானவை, ஆகவே விலை கூடியவை. 1893இல் வில்லியம் பிரிட்டனின் மகன் (அவர் பெயரும் வில்லியம்தான்) ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு பாதியாகப் பிரியும் உலோக அச்சுக்குள் உருகிய காரீயக் கலவையை ஊற்றுவது. அச்சின் சுவரைத் தொட்ட உலோகம் உடனே இறுகிவிடும், நடுவில் இருப்பது இன்னும் நீராகவே இருக்கும். அந்தக் கணத்தில் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, உள்ளே மிச்சமிருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும். ஓடு மாத்திரம் நிற்கும். உள்ளே வெற்றிடம்.

ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர இது காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். பொம்மைக் கலவையில் காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேரும். ஆன்டிமனி சேர்ந்தால் இறுகும்போது உருவத்தின் கோடுகள் கூர்மையாக விழும். உள்ளீடற்ற வார்ப்பால் உலோகச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. லண்டனில் கேமேஜஸ் என்ற பெரிய கடை முதலில் இதை எடுத்து விற்றது. ஒரு பெட்டியில் எட்டுக் காலாட்கள் அல்லது ஐந்து குதிரைவீரர்கள். விலை ஒரு ஷில்லிங். சிவப்புப் பெட்டி, அதன்மேல் படையணியின் பெயர் அச்சிட்ட சீட்டு. முதல் எண் பெட்டி லைஃப் கார்ட்ஸ், அதாவது ராணியின் மெய்க்காவல் குதிரைப்படை. 1966இல் காரீய வார்ப்பு நிற்பதற்குள் எண்கள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டிருந்தன.

சாம்ராஜ்யத்தின் சிப்பாய் உள்ளே காலி என்பதை உருவகமாக்கி ஒரு பக்கம் எழுதிவிடலாம். அந்தச் சபலம் எனக்கும் வந்தது. ஆனால் நம் விமர்சனத்தில் உருவகம் கிடைத்ததும் பொருளை விட்டுவிடுகிற பழக்கம் போதுமான அளவுக்கு இருக்கிறது. உள்ளே காலி என்பதற்கு ஒரு நேரடி விளைவு உண்டு: கழுத்து ஒடிந்த தலையை ஒரு தீக்குச்சித் துண்டைச் சொருகி மறுபடி நிறுத்த முடியும். வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். ஆகவே பட்டியலிடுகிறவன் கழுத்தை உற்றுப் பார்க்கிறான். தலையும் உடலும் ஒரே சிப்பாயுடையவைதானா? வேறொரு பொம்மையின் தலையா? ஆட்டக்கூடிய கை, இந்த உடலோடு பிறந்ததா, கடன் வாங்கியதா?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். மூலபாட ஆய்வு என்றால் ஏடுகளை ஒப்பிடுவது, பாடபேதம் குறிப்பது, இடைச்செருகல் கண்டுபிடிப்பது என்றுதான் பாடத்தில் இருந்தது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வின் மேஜையில் நடந்ததும் இந்தப் பொம்மைக்காரர்களின் மேஜையில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வேலை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எல். டபிள்யூ. ரிச்சர்ட்ஸ், ஜான் காரட், ஜேம்ஸ் ஓபி, ஜோ வாலிஸ் போன்றவர்கள் செய்தது என்ன? ஒரே எண்ணுள்ள பெட்டி வெவ்வேறு வருஷங்களில் எப்படியெல்லாம் மாறி வந்தது என்று பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முதலில் வட்ட பீடம், அப்புறம் சதுர பீடம். முதலில் உடலோடு ஒட்டிய கை, பின்னால் அசையும் கை. கம்பெனி வெளியிட்ட விலைப்பட்டியல்கள்தான் இவர்களுக்கு ஏடு. 1960களில் கம்பெனி தன் எண்களையே மாற்றி ஒன்பதாயிரங்களில் தொடங்கியபோது, ஒரே பெட்டிக்கு இரண்டு எண்கள் வந்து சேர்ந்தன. நம் புறநானூற்றுப் பாட்டுக்கு எண் மாறினால் எவ்வளவு குழப்பம் வருமோ அவ்வளவு.

இதில் பல்கலைக்கழகங்களின் பங்கு குறைவு. பிரிட்டிஷ் மாதிரிச் சிப்பாய்ச் சங்கம் 1935இல் தொடங்கப்பட்டது. பெரும்பாலான அறிவு அங்கேயும் அதைப் போன்ற சங்கங்களிலும், ஏலக்கடை விவரப்பட்டியல்களிலும் சேர்ந்தது. ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆன் எஸ். கே. பிரவுன் இராணுவச் சேகரம். 1930இல் தேனிலவுக்கு ஐரோப்பா போன அந்த அம்மையார் சிப்பாய்ப் பொம்மைகளை வாங்க ஆரம்பித்தார். சீருடையின் நிறம் சரிதானா என்று சரிபார்க்க அச்சோவியங்கள் வாங்கினார், அச்சோவியங்களைச் சரிபார்க்கப் புத்தகங்கள் வாங்கினார். கடைசியில் இராணுவச் சீருடை பற்றிய மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று உருவாகி, 1981இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. பொம்மைக்கு அடிக்குறிப்பாக ஒரு நூலகம்! மூலம் எது, உரை எது என்று இங்கே யார் சொல்வது?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி ஒவ்வொரு படையணிக்கும் தனி உருவம் செய்யவில்லை. ஒரே அச்சில் வார்த்த உடலுக்கு வேறு வேறு வண்ணம் பூசி வேறு வேறு படையணியாக்கி விற்றது. காலர் மஞ்சள் என்றால் ஒரு அணி. நீலம் என்றால் இன்னொன்று. கைப்பட்டை பச்சையாகிவிட்டால் அவன் மூன்றாவது அணிக்காரன். ஸசூர் சொன்ன 'வேறுபாடுகளின் அமைப்பு' எங்கேயாவது அப்பட்டமாகக் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் இங்கேதான். உடலுக்கு அர்த்தம் இல்லை. ஒரு மில்லிமீட்டர் அகலப் பெயிண்டுக்குத்தான் அர்த்தம். அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு படையணியின் முழு வரலாறும், அதன் போர்களும் மரியாதைகளும், வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

சரி, அந்த ஒரு மில்லிமீட்டரைப் பூசியது யார்?

பெண்கள். வடக்கு லண்டனில் ஹார்ன்ஸி ரைஸ் பகுதியிலிருந்த பட்டறையிலும், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கள் வீட்டுச் சமையலறை மேஜையிலும் உட்கார்ந்து, எண்ணிக்கைக் கூலிக்குப் பூசிய பெண்கள். தீப்பெட்டி ஒட்டுவதையும் பீடி சுற்றுவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. வார்ப்புக்காரர்கள் ஆண்கள். உருவத்தைச் செதுக்கிய மூத்த வில்லியம், இளைய வில்லியம், பெட்டிச் சீட்டுகளை வரைந்த ஃப்ரெட் விஸ்டாக் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. பட்டியலில் 'கையால் வண்ணம் தீட்டப்பட்டது' என்று எல்லாப் பதிவிலும் வருகிறது, செயப்பாட்டு வினையில். தீட்டிய கை யாருடையது என்பதற்குப் பத்தியே கிடையாது. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். பிரிட்டன்ஸ் செய்த சின்னப் பீரங்கியை வைத்துத் தரையில் போர் விளையாடுவதற்கான விதிமுறைகள். அதன் நீண்ட துணைத்தலைப்பில் அந்த விளையாட்டு எல்லா வயது ஆண்பிள்ளைகளுக்கும், கூடவே புத்திசாலியான பெண்பிள்ளைகளுக்கும் என்று சலுகை காட்டுகிறார். அந்தச் சேனை முழுவதையும் உடுத்தி அனுப்பியது பெண்கள்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. விளையாட்டுப் போர் நிஜப் போரைவிட நல்லது என்று அதே புத்தகத்தில் வாதாடினார். அடுத்த வருஷம் 1914.

'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் ஃபூக்கோ பணிவுறுத்தப்பட்ட உடல்கள் பற்றிய அதிகாரத்தைச் சிப்பாயிலிருந்துதான் தொடங்குகிறார். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிப்பாய் என்பவன் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளப்படுபவன். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அவன் செய்யப்படுபவனாகிவிட்டான், பிசைந்த களிமண்ணிலிருந்து உருவம் எடுப்பதுபோல. பிரஷ்யாவின் இரண்டாம் ஃப்ரெடெரிக் அங்கே முக்கியமான பாத்திரம். பொம்மை வரலாறும் அவரிடம்தான் வந்து நிற்கிறது. 1770களில் நூரம்பெர்கில் ஹில்பெர்ட் குடும்பம் தகரச் சிப்பாய்களை வார்த்தபோது அவர்கள் வடித்த புகழ்பெற்ற உருவங்களில் ஒன்று இந்த ஃப்ரெடெரிக்தான். ஆக, மனித உடலைப் பொம்மையாக்கிய காலமும் பொம்மையைப் படையாக்கிய காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. இது வரை ஃபூக்கோவோடு போகலாம். ஆனால் அந்த வரிசையில் இன்னொரு உடலையும் சேர்க்க வேண்டும்: ஒரே நிறத்தைத் தொட்டு, ஒரே காலரில், ஒரே வேகத்தில், நூற்றுக்கணக்கான முறை தூரிகையை வைத்து எடுத்த அந்தப் பெண்ணின் கை. கவாத்து பழகியது அந்தக் கைதான். சிப்பாய் சும்மா நின்றான்.

*

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். பிரிட்டன்ஸ் வரிசையில் எண் 67 பெட்டி 'முதலாம் மதராஸ் நேட்டிவ் காலாட்படை'. எண் 68 'இரண்டாம் பம்பாய் நேட்டிவ் காலாட்படை'. இரண்டும் 1890களில் வந்தவை. ஏலப் பட்டியல்களில் இவற்றுக்கு இரண்டு மூன்று வரி கிடைக்கும்: பீடத்தின் வடிவம், பெயிண்டின் நிலை, பெட்டி உண்டா இல்லையா. அதோடு முடிந்தது.

எண் 67ஐப் பதிவு செய்ய உட்கார்ந்தால் பெயரிலேயே முட்டுகிறது. 1758 வரை பின்னோக்கிப் போகும் அந்தப் படையணி 1883இல் பயனீர் படையாக மாற்றப்பட்டுவிட்டது. அதாவது துப்பாக்கியோடு கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துப் போய்ப் பாதை வெட்டுகிற படை. 'நேட்டிவ்' என்ற சொல்லையும் 1885இல் படையணிகளின் பெயரிலிருந்து இராணுவமே எடுத்துவிட்டது. லண்டன் பொம்மைப் பெட்டியோ அதற்கு அப்புறம் வந்து 'நேட்டிவ் காலாட்படை' என்கிறது. பெட்டிக்குள் இருப்பவர்கள் கையில் துப்பாக்கி மாத்திரம், மண்வெட்டி இல்லை. நூலகப் பட்டியல் விதி என்ன சொல்லும்? புத்தகத்தின் முகப்பில் உள்ளதை அப்படியே எழுது, சரியான பெயரை வேறு பத்தியில் குறி. நான் அந்த விதியை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது தருகிற நடுநிலைத் தோரணையை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இராணுவ நிர்வாகம் கைவிட்ட சொல்லை விளையாட்டு அறை கைவிடவில்லை. இதுதான் பதிவின் விஷயமே. இதை 'தலைப்பு வேறுபாடு' என்று குறித்துவிட்டுப் போனால் பட்டியல் பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவுமில்லை.

அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஃப்ரெடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் சேனைக்குத் தலைமைத் தளபதி. பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டை நடைமுறையாக்கியவர். தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்பதை 1897இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளிலும் எழுதி வைத்தார். மதராஸ் காலாட்படை அணிகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன, கலைக்கப்பட்டன. பெட்டியில் பெயர் வந்த முதலாம் அணி 1903இல் 61ஆம் பயனீர்களாகி, கடைசியில் 1933இல் பயனீர் படைகளோடு கலைக்கப்பட்டது. ராபர்ட்ஸ் இந்தியாவை விட்டுக் கிளம்பிய 1893தான் உள்ளீடற்ற வார்ப்பு பிறந்த வருஷமும். காரணகாரியம் எதுவும் இல்லை, தற்செயல். ஆனால் நிஜச் சிப்பாயை வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவனுடைய ஈயப் பிரதியை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள் என்பது தற்செயல் இல்லை. அலங்காரத்துக்கு அவன் வேண்டியிருந்தான். பன்மைத்தன்மையின் காட்சிப்பொருளாக, சாம்ராஜ்யத்தின் நிறப்பலகையில் ஒரு பழுப்புக் கட்டமாக. பார்த் 'மிதாலஜீஸ்' நூலில் பேசுகிற, பிரெஞ்சுக் கொடிக்குச் சல்யூட் அடிக்கும் கறுப்புச் சிப்பாயின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அறுபது வருஷம் முந்திய, முப்பரிமாணப் பதிப்பு இது.

யார் அந்த மதராஸ் சிப்பாய்கள்? மதராஸ் சேனையில் தெலுங்கர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். பறையர் சமூகத்தவர் நெடுங்காலம் கணிசமாகப் பணியாற்றினார்கள். எண் 68இல் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 'இரண்டாம் பம்பாய்' அணியின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் 1818 ஜனவரி 1 அன்று கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற அணிக்குத்தான் போய்ச் சேர்கிறோம். அங்கே ஒரு கல்தூண் நிற்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. 'நாக்' என்று முடிகிற மகர் பெயர்கள் நிறைய. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றார். சுபேதார் ஒருவரின் மகன் அவர். மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890களின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் நிர்வாகம் நிறுத்திவிட்டிருந்தது. அதே 1890களில்தான் எண் 68 பெட்டி கடைக்கு வருகிறது. ஆளை வெளியே அனுப்பிவிட்டு அவன் அணியின் பெயரை மாத்திரம் பெட்டியில் போட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1941இல் மகர் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டதும், 1940களின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி திரட்டப்பட்டதும், அதே போருக்காகப் பிரிட்டன்ஸ் தன் பொம்மை உற்பத்தியை நிறுத்தி யுத்தத் தளவாடம் செய்யப் போனதும் ஒரே கதையின் பக்கங்கள். நிஜம் வேண்டியபோது பிரதி நிறுத்தப்பட்டது.

கல்லில் பெயர் உண்டு, ஈயத்தில் இல்லை என்று ஒரு எளிய எதிர்வைப் போட்டுவிட்டுக் கைகழுவ எனக்கு விருப்பமில்லை. கல்லில் பெயர் வெட்டியதும் கம்பெனி ஆட்சிதான், அதன் தேவைக்குத்தான். ஆனால் அந்தப் பெயர்களை ஒரு நூற்றாண்டு கழித்து வேறு அர்த்தத்தில் வாசிக்க முடிந்தது. பெயர் இருந்தால் மறுவாசிப்புக்கு இடம் உண்டு. பட்டியலிடுகிறவன் தன் வேலையில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. என் அபிப்பிராயத்தில் எண் 68இன் பதிவில் 'கோரேகாவ், 1818' என்ற ஒரு சொல்லாவது இடம்பெற வேண்டும். காலரின் நிறத்தைவிட அது முக்கியம். சேகரிப்பாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

*

சென்னையில் ஒரு சிநேகிதர் வீட்டில் ஆறு ஈயச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா ஒரு துரை வீட்டில் வேலை பார்த்தவர், வழியில் எப்படியோ வந்து சேர்ந்தவை. எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான், காக்கிச் சட்டையும் வெயில் தொப்பியும். ஐந்தின் பீடத்தில் கம்பெனி பெயர் வார்த்திருந்தது. ஆறாவதில் ஒன்றும் இல்லை, கனமும் அதிகம். உள்ளே நிறைந்த வார்ப்பு, வேறு யாரோ செய்தது. சிநேகிதருக்கு விலை தெரிய வேண்டும். நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். பாட்டி வந்து பார்த்தார். "இதுல என்னப்பா அவ்வளவு ஆராய்ச்சி? தலை ஆடுது, கை ஒடிஞ்சு கெடக்கு" என்றார்.

ஒரு சிப்பாயின் தொப்பிக்குக் கீழே, நெற்றி என்று சொல்லத்தக்க அந்தத் துளி இடத்தில், வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தது. திருநீறு. வேறெதுவாகவும் இருக்க வழியில்லை. பாட்டியைக் கேட்டேன். "யாராவது புள்ளைங்க வச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சேகரிப்பு உலகின் மொழியில் இது 'மறுபூச்சு', அதாவது கெட்டுப்போனது. விலை இறங்கிவிடும். அந்த உலகில் உச்ச விலை பெட்டி பிரிக்கப்படாத, நூல் அவிழ்க்கப்படாத செட்டுக்குத்தான். குழந்தை தொடவே தொடாத பொம்மைக்கு. விளையாட்டுப் பொருளின் பரிவர்த்தனை மதிப்பு அதன் பயன் மதிப்பை இவ்வளவு சுத்தமாக ரத்து செய்கிற இன்னொரு சந்தையை நான் பார்த்ததில்லை. சேகரிப்பாளனைப் பற்றிப் பரிவோடு எழுதிய பெஞ்சமின்தான், பொம்மைகளைப் பற்றியும் 1928இல் எழுதினார்: பொம்மை என்பது பெரியவர்கள் குழந்தைக்குச் சொல்ல நினைப்பதன் பதிவு, குழந்தை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது வேறு சங்கதி. விலைப்பட்டியல் முதல் பாதியை மட்டும் பதிவு செய்கிறது. இரண்டாம் பாதியை அது 'சேதம்' என்கிறது. நம் பாடப்பதிப்பு மரபில் இதற்கு ஒரு சொல் உண்டு. மூலத்தை மறைத்து நுழைவது இடைச்செருகல். மூலத்தின் பக்கத்தில் நின்று பேசுவது உரை. அந்த வெள்ளைக் கோடு எந்தப் பெயிண்டையும் அழிக்கவில்லை, எதையும் திருத்தவில்லை. அது உரை. "துடைச்சிட்டா விலை ஏறுமா?" என்று சிநேகிதர் கேட்டார். ஏறலாம் என்றேன். துடைக்கக் கூடாது என்றும் சொன்னேன். பதிவில் இப்படி எழுதினேன்: 'நெற்றியில் வெள்ளைக் கோடு ஒன்று, வீட்டில் தீட்டியது, கருவி தூரிகை அல்ல, குச்சியாக இருக்கலாம். மூலப் பூச்சு அடியில் முழுதாக உள்ளது.'

தீட்டியவர்களுக்கான பத்தியையும் சேர்த்துப் பார்த்தேன். பெயர் கிடைக்காது. ஆனால் கை கிடைக்கும். ஐந்து பிரிட்டன்ஸ் சிப்பாய்களில் மூன்று பேரின் கண்கள் ஒரே மாதிரி: புள்ளி சற்று மேலே ஏறியிருக்கும், இடது கண்ணைவிட வலது கண் பெரியது, பெல்ட்டின் கோடு வலப்பக்கம் வந்ததும் தேய்ந்துவிடும். மற்ற இருவரில் புள்ளிகள் சின்னவை, கோடு ஒரே சீர். ஏட்டில் எழுத்தின் சாய்வை வைத்து இது வேறு கை என்று சொல்கிறோம் இல்லையா, அதே முறை. 'கை அ', 'கை ஆ' என்று போட்டேன். இன்னும் நூறு சிப்பாய்களை வைத்துக்கொண்டு யாராவது இதைச் செய்தால் 'கை அ' எத்தனை பெட்டிகளில் வருகிறது என்று தெரியும். செய்வார்களா தெரியாது. லெவி-ஸ்ட்ராஸ் சிற்றுருவைப் பற்றி ஒரு கருத்து சொல்வார்: பொருளைச் சிறிதாக்கும்போது முழுமை முதலில் பிடிபடுகிறது, பகுதிகள் பின்னால். பார்ப்பவனுக்கு அது சரி. தீட்டியவளுக்கு அப்படியில்லை. அவள் முன் எப்போதும் இருந்தது ஒரு காலர், அப்புறம் ஒரு காலர்.

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று, எல்லோரும் தவறவிடுவது. ஈயப் பொம்மைகளைத் தின்பது வெயிலோ ஈரமோ மட்டுமல்ல. அவற்றை வைக்கிற பெட்டியும் அலமாரியும்தான். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் அசெட்டிக் அமில ஆவி கசிந்துகொண்டே இருக்கும். ஓக் மரம் மிக மோசம். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆவி தங்கிக் காரீயத்தைக் கார்பனேட்டாக்கும். முதலில் பாதத்தில் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம், பிறகு பெயிண்டுக்கு அடியிலிருந்து வெள்ளைத் தூள் பொங்கும். சேகரிப்பாளர்கள் இதை ஈயச் சொறி என்கிற பொருளில் ஏதோ ஒரு நோய்ப் பெயரால் அழைக்கிறார்கள். முன்காலத்தில் ஓவியர்களுக்கான வெள்ளை வர்ணம் செய்ததே இப்படித்தான்: காரீயத் தகடுகளை வினிகர் ஆவியில் மாதக்கணக்கில் புதைத்து வைத்து அந்தத் தூளைச் சுரண்டி எடுத்தார்கள். கௌரவமான ஓக் அலமாரியில் பூட்டி வைத்த படையணி மெதுவாகத் தானே பெயிண்டாக மாறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பெட்டி வேறு, பொம்மை வேறாக வைக்க வேண்டும். சீட்டு ஒட்டிய சிவப்புப் பெட்டியைத் தனியே அமிலமற்ற காகிதத்தில் சுற்றலாம். சிப்பாய்களுக்கு உலோகத் தட்டோ கண்ணாடியோ போதும், காற்றோட்டம் இருக்க வேண்டும். வெறும் கையால் எடுத்தால் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், காரீயம் விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத உயரம். இதையெல்லாம் சிநேகிதரிடம் எழுதிக் கொடுத்தேன். தேக்கு பீரோவிலிருந்து ஆறு பேரையும் இறக்கி, பாட்டி கொடுத்த எவர்சில்வர் தாம்பாளத்தில் நிறுத்தினோம். பாதங்கள் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தன. கனமான ஆறாவது ஆள் மாத்திரம் குதிகாலில் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தான்.